வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்கு மாறினால் எதிருரைக்கு எத்தனை நாள்? எந்த வழி யாருக்கு?

"அக்கா, கேஸ் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போயிடுச்சு. இனிமே கொஞ்ச நாள் மூச்சு விடலாம்ல?"

போனில் இப்படிக் கேட்டவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து டெக்சஸில் சின்னதாக ஒரு ஐ.டி. கன்சல்டிங் எல்எல்சி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) நடத்துகிறார். நான் இங்கே ஒரு சிறிய வக்கீல் அலுவலகத்தில் பாராலீகல். வக்கீல் இல்லை, ஆனால் கெடு தேதிகளை எண்ணிக் காலண்டரில் குறிப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை. முன்னாள் ஊழியர் ஒருவர், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணம் வரவில்லை என்று மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். பிரதிவாதிகள் இரண்டு பேர்: இவருடைய எல்எல்சி ஒன்று, அந்த ஊழியரை வேலைக்கு வைத்திருந்த பெரிய கிளையன்ட் நிறுவனம் இன்னொன்று. கிளையன்ட்டின் வக்கீல்கள் வழக்கை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். இவரிடம் ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

நான் கேட்டது ஒன்றுதான்: "சம்மன் உங்க கைக்கு வந்த தேதி என்ன?" அவர் சொன்ன தேதியிலிருந்து எண்ணினேன். அன்று 19ஆவது நாள். மூச்சு விட இருந்தது இரண்டே நாள்.

அவர் செய்த தவறு அவருடையது மட்டுமில்லை. வழக்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால் கடிகாரமும் புதிதாக ஓடத் தொடங்கும் என்று நினைப்பது இயல்பு. நம்மூர் கோர்ட்டில் வாய்தா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நினைப்பு இன்னும் எளிதாக வரும். அமெரிக்க ஃபெடரல் நடைமுறையில் அது ஆபத்து. ஆகவே சம்மன் கையில் வந்த ஒருவருக்கு என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் நாள் எப்படிக் கூடிக் குறைகிறது, எது யாருக்குப் பொருந்தும் என்று எழுதி வைக்கிறேன். வக்கீலிடம் உட்காரும்போது கேட்க வேண்டியதைக் கேட்க இது உதவும். வக்கீலுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு கடிகாரங்கள்

மாநில நீதிமன்றத்தில் போட்ட வழக்கைப் பிரதிவாதி ஃபெடரல் நீதிமன்றத்துக்கு எடுத்துப்போவதை ரிமூவல் என்பார்கள். எல்லா வழக்கையும் எடுத்துப்போக முடியாது. வழக்கு ஃபெடரல் சட்டத்தின் கீழ் எழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்துக் குடிமக்களாக இருந்து, சர்ச்சைத் தொகை 75,000 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு தரப்பு வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தாலும் இந்த இரண்டாவது வகையில் வரும், சில விலக்குகளோடு.

ரிமூவலுக்கான கடிகாரம் 30 நாள். வழக்குரையும் சம்மனும் முறைப்படி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஃபேக்ஸிலோ மின்னஞ்சலிலோ மரியாதைக்காக ஒரு நகல் அனுப்பினால் அது ஓடத் தொடங்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் மர்ஃபி பிரதர்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. பல பிரதிவாதிகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி 30 நாள். ஆனால் சம்மன் கிடைத்த அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

எதிருரை, அதாவது வழக்குரைக்குப் பிரதிவாதி கொடுக்கும் எழுத்துப் பதில், அதற்கான கடிகாரம் வேறு. அது ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 81(சி)(2)இல் இருக்கிறது. ரிமூவலுக்கு முன் எதிருரை கொடுக்காதவர், மூன்று கணக்கில் எது நீளமோ அதற்குள் கொடுக்க வேண்டும். வழக்குரை கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள் என்பது ஒன்று. வழக்குரை தாக்கலாகியிருக்கும்போது சம்மன் சார்பு செய்யப்பட்டதிலிருந்து, அதாவது முறைப்படி கொடுக்கப்பட்டதிலிருந்து, 21 நாள் என்பது இன்னொன்று. ரிமூவல் அறிவிப்பைத் தாக்கல் செய்ததிலிருந்து 7 நாள் என்பது மூன்றாவது.

அந்த மூன்றாவதைத்தான் பலர் "ரிமூவலுக்குப் பிறகு கூடுதலாக ஏழு நாள்" என்று படித்துவிடுகிறார்கள். கூட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. மூன்று தேதிகளையும் தனித்தனியாகக் குறித்து, கடைசியில் வருவதை எடுக்க வேண்டும், அவ்வளவே. போனில் பேசியவருக்கு 12ஆம் நாள் ரிமூவல் ஆனது. அதிலிருந்து ஏழு என்றால் 19ஆம் நாள். சம்மனிலிருந்து 21 என்றால் 21ஆம் நாள். நீளமானது 21.

பழைய வழிகாட்டிகளில் 20 நாள், 5 நாள் என்று பார்த்திருப்பீர்கள். 2009 டிசம்பர் 1 முதல் அவை 21, 7 ஆகின. ஏழின் மடங்காக வைத்ததில் ஒரு வசதி உண்டு: சம்மன் திங்கட்கிழமை வந்திருந்தால் கெடுவும் திங்கட்கிழமையே முடியும். கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். சனி, ஞாயிறு எல்லாம் கணக்கில் சேரும். கடைசி நாள் மட்டும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். ஆன்லைனில் தாக்கல் செய்வோருக்கு அந்த நாள் நள்ளிரவோடு முடிகிறது. அந்த நள்ளிரவு நீதிமன்றம் இருக்கும் ஊரின் நேரப்படி. நியூ ஜெர்சியில் வழக்கை வைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவர் இதை மறக்கவே கூடாது.

சீக்கிரம் மாற்றுவதா, கடைசி நாளில் மாற்றுவதா?

முதல் முடிவு இதுதான். ஒரு தேதியை வைத்துப் பார்ப்போம். 2026 மார்ச் 2, திங்கட்கிழமை, சம்மன் நேரில் கையில் கொடுக்கப்படுகிறது என்று வையுங்கள்.

ரிமூவலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 1. சம்மனிலிருந்து 21 நாள் என்பது மார்ச் 23. மார்ச் 5ஆம் தேதியே ரிமூவல் செய்தால் ஏழு நாள் கணக்கு மார்ச் 12இல் முடிந்துவிடும். அது பயன்படாது, கெடு மார்ச் 23. மார்ச் 16இல் செய்தாலும் அதே மார்ச் 23. அதாவது 14ஆம் நாள் வரை எப்போது மாற்றினாலும் எதிருரைக் கெடு அசையாது. அதற்குப் பிறகு ரிமூவலை ஒரு நாள் தள்ளினால் கெடுவும் ஒரு நாள் தள்ளும். மார்ச் 20இல் மாற்றினால் மார்ச் 27, ஏப்ரல் 1இல் மாற்றினால் ஏப்ரல் 8. ஆக, கடைசி நாள் வரை காத்திருப்பவருக்கு மொத்தம் 37 நாள் கிடைக்கிறது, அவசரப்பட்டவருக்கு 21.

இதைப் பார்த்ததும் கடைசி நாள்தான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். மாநிலத்துக்கு மாநிலம் அந்தக் கணக்கு மாறுகிறது, அதைக் கவனிக்க வேண்டும்.

டெக்சஸில் எதிருரைக்கான விதி விசித்திரமானது: சம்மன் வந்து 20 நாள் கழிந்த பின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. நம் எடுத்துக்காட்டில் 20 நாள் மார்ச் 22 ஞாயிறோடு முடிகிறது, கெடு மார்ச் 23 காலை 10 மணி. ஏப்ரல் 1 வரை ரிமூவலுக்கு நேரம் இருக்கிறது என்று சும்மா இருந்தால், நடுவில் ஒன்பது நாள் மாநில நீதிமன்றத்தில் நீங்கள் பதில் சொல்லாத பிரதிவாதி. வாதி டிஃபால்ட் கேட்கலாம், நம்மூரில் எக்ஸ்பார்ட்டி என்போமே, அது. அப்படி ஓர் உத்தரவு விழுந்த பிறகு ரிமூவல் செய்தால், உத்தரவும் கூடவே வரும். மாநில நீதிமன்றம் போட்டவை ஃபெடரல் நீதிமன்றம் மாற்றும் வரை உயிரோடிருக்கும் என்பது சட்டம். அதை நீக்கக் கேட்டுத் தனியாகப் போராட வேண்டும். நியூயார்க்கிலும் நேரில் சம்மன் கொடுத்திருந்தால் 20 நாள்தான், ஃபுளோரிடாவிலும் 20 நாள். இந்த மாநிலங்களில், மாநில நீதிமன்றத்தில் எதுவும் தாக்கல் செய்யாமல் 30ஆம் நாள் வரை காத்திருப்பது எனக்குச் சம்மதமில்லாத வழி.

கலிபோர்னியாவில் கதை திரும்புகிறது. அங்கே மாநில எதிருரைக்கு 30 நாள். நம் எடுத்துக்காட்டில் அதுவும் ஏப்ரல் 1. மார்ச் 5இல் ஆர்வத்தோடு ரிமூவல் செய்தவர், மாநிலத்தில் இருந்திருந்தால் ஏப்ரல் 1 வரை இருந்த அவகாசத்தைத் தானே மார்ச் 23ஆகக் குறைத்துக்கொள்கிறார். ஒன்பது நாள் நஷ்டம். நியூ ஜெர்சியில் 35 நாள், அதாவது ஏப்ரல் 6. அங்கே சீக்கிரம் மாற்றினால் 14 நாள் போகிறது. "ஃபெடரலுக்கு மாத்தினா டைம் கிடைக்கும்" என்ற நம்பிக்கை இந்த இரண்டு மாநிலங்களிலும் தலைகீழாக முடியும். இங்கே 25, 26ஆம் நாள் வாக்கில் ரிமூவல் செய்வது நியாயமான நடு வழி. டிஃபால்ட் பயம் கிடையாது, எதிருரைக்கு 32, 33ஆம் நாள் வரை போகும், கடைசி நாளில் இணையம் படுத்தாலும் கை பிசைய வேண்டாம்.

கடைசி நாளைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரிமூவல் என்பது ஒரு காகிதத்தோடு முடிவதில்லை. அதுவரை கைக்கு வந்த எல்லா ஆவணங்களின் நகலும் இணைக்க வேண்டும், தாக்கல் கட்டணம் 405 டாலர் கட்ட வேண்டும், எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மாநில நீதிமன்ற அலுவலகத்திலும் நகல் போட வேண்டும். அந்தக் கடைசி நகல் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாநில நீதிமன்றம் கையைக் கட்டிக்கொள்ளும். மற்றப் பிரதிவாதிகளின் சம்மதமும் வாங்கியாக வேண்டும். 30 நாள் தவறினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம், ஆட்சேபித்தால் வழக்கு திரும்பிப் போகும். எதிருரைக் கெடுவைப் போல இதை நீதிபதியிடம் கேட்டு நீட்டிக்க வழியில்லை. எதிருரைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் மாநில வழக்கில் அவகாசம் தந்திருந்தாலும் ரிமூவல் கடிகாரம் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். இந்த ஒன்றில் அனுபவசாலிகளே வழுக்கிப் பார்த்திருக்கிறேன்.

முதலில் மாநிலத்தில் எதிருரை, பிறகு மாற்றம்

20 நாள் மாநிலங்களில் பலரும் எடுப்பது இந்த வழி. மாநிலக் கெடுவுக்குள் அங்கேயே எதிருரை போட்டுவிடுவது, பிறகு 30 நாளுக்குள் ரிமூவல். டிஃபால்ட் பயம் அடியோடு போய்விடும். ஏற்கெனவே எதிருரை கொடுத்தவர் ஃபெடரல் நீதிமன்றம் ஆணையிட்டாலொழிய மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. எதிருரை மட்டும் போட்டதால் மாற்றும் உரிமை பொதுவாகப் போகாது. ஆனால் மாநில நீதிமன்றத்தில் எதிர்க்கோரிக்கை, தீர்ப்புக் கேட்டு மனு என்று ஆழமாக இறங்கினால், அந்த நீதிமன்றத்தையே ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதி வாதாட இடம் கொடுக்கிறீர்கள்.

நிம்மதியான இந்த வழிக்கு ஒரு விலை இருக்கிறது. டெக்சஸில் எதிருரை ஒரே வரியாக இருக்கலாம்: வழக்குரையில் உள்ள அனைத்தையும் மறுக்கிறேன். ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனதும் அந்த ஒரு வரி மெலிந்து தெரியும். காலாவதி, ஏற்கெனவே செய்துகொண்ட சமரசம் போன்ற தற்காப்புகளை அதில் எழுதியிருக்க மாட்டீர்கள். திருத்தி எழுதும் வேலை பின்னால் வரும். அதைவிடப் பெரியது, "இந்த மாநில நீதிமன்றத்துக்கு என் மேல் அதிகாரமே இல்லை" என்ற வாதம். டெக்சஸில் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும். சாதாரண எதிருரையை முதலில் போட்டால் அந்த வாதம் அதோடு முடிந்தது.

ரிமூவல் செய்வதால் மட்டும் அந்த வாதம் போகாது. உச்ச நீதிமன்றம் 1896லேயே வாபாஷ் ரயில்வே வழக்கில் சொன்னது அது. ஆகவே வெளி மாநிலத்தில் இருக்கும், டெக்சஸோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிறுவனத்துக்கு, மாநிலத்தில் எதிருரை போடாமல் 20 நாளுக்குள் ரிமூவல் செய்து ஃபெடரலில் முதல் மனுவாகவே அதிகார ஆட்சேபத்தை வைப்பது மேல். உள்ளூர்க்காரர், ஆட்சேபிக்க எதுவும் இல்லாதவர் என்றால் மாநிலத்தில் எதிருரை போட்டுவிட்டு மாற்றுவது நல்ல தூக்கத்துக்கு வழி.

மாற்றிய பிறகு: மூன்று காகிதங்கள்

இனி ரிமூவல் ஆகிவிட்டது, கெடு நெருங்குகிறது, கையில் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். போனில் பேசிய என்னுடைய நண்பர் அன்று நின்ற இடம் அது. அவர் முன் மூன்று வழிகள் இருந்தன.

எதிருரையைக் கொடுத்துவிடுவது முதல் வழி. ஃபெடரல் எதிருரையில் வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் வேண்டும்: ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், இதைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. மறுக்காமல் விட்டது ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், நஷ்டஈட்டுத் தொகையைத் தவிர. 60 பத்தி வழக்குரைக்கு இரண்டு நாளில் இதைச் செய்ய முடியும், நன்றாகச் செய்ய முடியாது. தவறு இருந்தால், சார்பு செய்த 21 நாளுக்குள் ஒரு முறை அனுமதி இல்லாமலே திருத்தலாம் என்பது ஓர் ஆறுதல்.

தள்ளுபடி மனு இரண்டாவது. விதி 12இன் கீழ் மனுப் போட்டால் எதிருரைக் கெடு நின்றுவிடும். மனு நிராகரிக்கப்பட்டால் அந்த அறிவிப்பிலிருந்து 14 நாள். கெடுவைத் தள்ளிப்போடவே இதைப் போடுகிறவர்கள் உண்டு. அதற்கு நான் ஆதரவில்லை. நல்ல அடிப்படை இருந்தால் இது ஃபெடரல் நீதிமன்றத்தின் வலுவான ஆயுதம். 2007, 2009 ஆண்டுகளின் டுவாம்ப்ளி, இக்பால் தீர்ப்புகளுக்குப் பிறகு, வழக்குரையில் சொன்ன உண்மைகள் கோரிக்கையை நம்பத்தக்கதாக ஆக்க வேண்டும். மாநில விதியின்படி எளிமையாக எழுதிய வழக்குரை அந்தத் தராசில் இளைக்கலாம். அடிப்படை இல்லாமல் போட்டால் நடப்பது வேறு. வாதி 21 நாளுக்குள் வழக்குரையைத் திருத்தி ஓட்டைகளை அடைப்பார், உங்கள் செலவில் அவருக்கு வழி காட்டியிருப்பீர்கள். இன்னொரு பொறியும் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு என் மேல் அதிகாரம் இல்லை, வழக்கு நடக்கும் ஊர் தவறு, சம்மன் சரியாகச் சார்பு செய்யப்படவில்லை போன்ற ஆட்சேபங்களை முதல் மனுவிலேயே சேர்க்காவிட்டால் பிறகு எழுப்ப முடியாது. அவசரத்தில் எழுதிய தள்ளுபடி மனு இவற்றை நிரந்தரமாகத் தொலைத்துவிடும்.

அவகாசம் கேட்பது மூன்றாவது. என் மனதுக்குப் பிடித்தது இதுதான், காரணம் சொல்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீலும் மனிதர், அவருக்கும் நாளை உங்களிடம் அவகாசம் தேவைப்படும். முதல் அவகாசத்தை மறுப்பவர்கள் குறைவு. போனில் கேளுங்கள், ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள், அதை நீதிமன்றத்தில் தாக்கலும் செய்யுங்கள். அந்த மூன்றாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொதுவாக ஃபெடரல் நீதிமன்றத்தில் இரு தரப்பும் பேசி முடிவு செய்தாலும் நீதிபதியின் கையெழுத்து வேண்டும். சில மாவட்டங்களில் உள்ளூர் விதி இளகியிருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் அடங்கிய கலிபோர்னியா மத்திய மாவட்டத்தில் மொத்தம் 30 நாள் வரை இரு தரப்பும் எழுதித் தாக்கல் செய்தால் போதும், நீதிபதி ஒப்புதல் வேண்டாம். நியூ ஜெர்சி மாவட்டத்தில் கெடு முடிவதற்குள் விண்ணப்பித்தால் நீதிமன்றக் கிளார்க்கே ஒரு முறை 14 நாள் கொடுக்கலாம். உங்கள் மாவட்டத்து விதியையும், உங்கள் நீதிபதியின் தனி நடைமுறைக் குறிப்பையும் அன்றே எடுத்துப் பாருங்கள்.

கெடுவுக்கு முன் கேட்பதும் பின் கேட்பதும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். முன்னால் கேட்டால் நியாயமான காரணம் போதும். கெடு தாண்டிய பிறகு, மன்னிக்கத்தக்க கவனக்குறைவு என்று நிரூபிக்க வேண்டும். 1993இல் பயனியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவுகோல்கள் சொன்னது: எதிர்த்தரப்புக்கு என்ன பாதிப்பு, எத்தனை நாள் தாமதம், காரணம் யார் கையில் இருந்தது, நல்லெண்ணத்தோடு நடந்தார்களா. அவகாச மனுவை ஒரு நாள் முன்னதாகப் போட்டிருந்தால் இந்த நான்குக்கும் பதில் தேடி அலைய வேண்டியிருக்காது.

எல்எல்சி வைத்திருப்பவர்களுக்கு

நம்மவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு இரண்டு விஷயங்கள் தனியாக உண்டு.

ஒரு நிறுவனம் ஃபெடரல் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் ஆஜராக முடியாது. உரிமையாளரே உட்கார்ந்து எதிருரை தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டால் அது நிறுவனத்தின் எதிருரையாக ஏற்கப்படாமல் போகலாம். தனி மனிதர் தனக்காகத் தானே வாதாடலாம், அவர் பெயரில் இருக்கும் எல்எல்சிக்காக அவர் வாதாட முடியாது. 21 நாளில் ஒரு வாரம் வக்கீல் தேடவே போகும். அவகாச மனுவை நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

அடுத்தது குடியுரிமை. எல்எல்சி எந்த மாநிலத்தில் பதிவானது என்பது இந்தக் கணக்கில் எடுபடாது. அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் எங்கே குடிமகனோ, எல்எல்சியும் அங்கெல்லாம் குடிமகன். 2022 டிசம்பர் முதல் இதை வெளிப்படுத்தும் அறிக்கையை முதல் காகிதத்தோடு ஒவ்வொரு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டும், வேற்றுமைக் குடியுரிமை (இரு தரப்பும் வெவ்வேறு மாநில அல்லது நாட்டுக் குடிமக்கள் என்ற) அடிப்படையில் வந்த வழக்கு என்றால். இரண்டு பக்கமும் வெளிநாட்டுக் குடிமக்கள் இருந்தால் அந்த அடிப்படையே பெரும்பாலும் நிற்காது. வாதி எச்-1பியில் இருக்கும் இந்தியக் குடிமகன், பிரதிவாதி எல்எல்சியின் உறுப்பினர்களில் ஒருவர் இந்தியக் குடிமகன் என்றால், மாநிலச் சட்டப்படி எழுந்த வழக்குக்கு ஃபெடரல் கதவு மூடியே இருக்கும். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துச் சொல்ல யாராவது வேண்டும்.

திரும்பி அனுப்பினால்?

இங்கே ரிமாண்ட் என்றால் சிறைக்காவல் என்று பயப்பட வேண்டாம், வழக்கை மாநில நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்புவது. நடைமுறைக் குறைகளைக் காட்டி ரிமாண்ட் கேட்க வாதிக்கு ரிமூவலிலிருந்து 30 நாள். அதிகாரமே இல்லை என்ற குறையை எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். நியாயமான அடிப்படையே இல்லாமல் வழக்கை மாற்றியிருந்தால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவைக் கொடுக்கும்படியும் நீதிமன்றம் சொல்லலாம். 2025 ஜனவரியில் ராயல் கேனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வாசலையும் தெளிவாக்கியது. ரிமூவலுக்குப் பிறகு வாதி தன் வழக்குரையைத் திருத்தி ஃபெடரல் சட்டக் கோரிக்கைகளை நீக்கிவிட்டு, வேறு ஃபெடரல் அடிப்படையும் இல்லையென்றால், வழக்கு மாநிலத்துக்குத்தான் போக வேண்டும்.

ரிமாண்ட் மனு போட்டிருக்கிறார்கள், அதனால் எதிருரை வேண்டாம் என்று காத்திருப்பது ஒரு வழியாகத் தோன்றலாம். அதை வழியாகவே எண்ணாதீர்கள். ரிமாண்ட் மனு எதிருரைக் கெடுவைத் தானாக நிறுத்தாது. நிறுத்த வேண்டுமென்றால் நீதிபதியிடம் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

ஃபெடரலில் போட்ட எதிருரை ரிமாண்டுக்குப் பிறகு வீணாகிவிடுமோ என்ற தயக்கமும் பலருக்கு. டெக்சஸில் நடைமுறை விதி 237ஏ இருக்கிறது: வழக்கு ஃபெடரலில் இருந்தபோது எதிருரை போட்டிருந்தால், திரும்பி வந்ததும் மாநில நீதிமன்றத்தில் அவர் மேல் டிஃபால்ட் தீர்ப்பு எடுக்கக்கூடாது. போடாதவருக்கு, ரிமாண்ட் உத்தரவின் நகலை வாதி தாக்கல் செய்த அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 15 நாள். கலிபோர்னியாவில் இரண்டு நீதிமன்றத்திலும் பதில் எதுவும் தாக்கல் செய்யாதவருக்கு, வழக்கு மாநில நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாள்.

என் நண்பருக்கு அந்த இரண்டு நாளில் எங்கள் வக்கீல் ஆஜரானார். எதிர்த்தரப்பிடம் போனில் கேட்டு, ஆட்சேபமில்லாத அவகாச மனுவை 20ஆம் நாளே தாக்கல் செய்தோம். மூன்று வாரம் கிடைத்தது. அந்த மூன்று வாரத்தில் ஒப்பந்தங்களையும் மின்னஞ்சல்களையும் தேடி எடுத்து, பத்தி பத்தியாக எதிருரை எழுதினோம். அதோடு குடியுரிமை அறிக்கையும் போக வேண்டும் என்பதால் கூட்டாளியின் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். இந்தியப் பாஸ்போர்ட். வழக்குப் போட்டவரும் இந்தியக் குடிமகன். எங்கள் வக்கீல் அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். மறைக்கக் கூடாது, மறைக்கவும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதி எதிருரையோடு தாக்கல் செய்தோம். இரண்டு மாதத்தில் வழக்கு மாநில நீதிமன்றத்துக்குத் திரும்பியது.

உத்தரவு வந்த அன்று அவர் போன் செய்தார். "அக்கா, இப்ப மறுபடியும் முதல்ல இருந்து எண்ணணுமா?"

"வேண்டாம் தம்பி. அங்க போட்டதே இங்கயும் செல்லும்."